அகல டயரா, ஒல்லி டயரா? லோடு பிக்கப்புக்கு எது சரி?

மழைக்காலம் நெருங்கினால் வில்லியனூர், பாகூர் பக்கம் டயர் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும். "தம்பி, இந்த ஒல்லி டயரை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டுவ? ஒரு சைஸ் அகலமா போடு, ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும்" என்பார் ஒருவர். "அண்ணே, அதெல்லாம் காருக்கு. லோடு வண்டிக்கு கம்பெனி குடுத்த சைஸ்தான்" என்பார் இன்னொருவர். டீ ஆறிப்போகும் வரை விவாதம் ஓடும். முடிவு மட்டும் வராது.

இது வெறும் அழகு பற்றிய சண்டை இல்லை. இந்தக் கொம்யூன்களில் ஒரு பிக்கப் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் மொத்த வருமானம். காலையில் காய்கறி, மதியம் செங்கல், அறுவடை நேரத்தில் நெல் மூட்டை, வைக்கோல், இடையில் மாதத் தவணை. லோடு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். நடவுக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றுகிறார்கள் என்பது நடைமுறை. அந்த வண்டி ஈரச் சாலையில் வழுக்கினால் போவது டயர் மட்டும் இல்லை.

சரி, யார் சொல்வது உண்மை? அகலம் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, டயர் எவ்வளவு எடை தாங்கும், அதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைத்தான்.

எடை கூடினால் டயர் ஒல்லியாவது ஏன்?

டயரின் ஓரத்தில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 215/75 ஆர்15 என்று இருந்தால், 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 75 சதவீதம் என்று அர்த்தம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 7.00 ஆர்15 என்று இருந்தால் அகலமும் அங்குலக் கணக்குதான்.

'குட்டி யானை' என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸ் நிற்பது 145 ஆர்12 டயரில். பல கார்களின் டயரைவிட ஒல்லி. ஆனால் அது முக்கால் டன் அளவுக்கு சரக்கு சுமக்கிறது. பொலேரோ பிக்கப் வகைகளில் 215/75 ஆர்15, 7.00 ஆர்15 இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இதில் கூடுதல் லோடு ஏற்றும் வகைக்குப் போவது பெரும்பாலும் பார்க்க ஒல்லியாகத் தெரியும் 7.00 தான்.

இசுஸு கம்பெனி இன்னும் தெளிவான உதாரணம். ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வரும் டி-மேக்ஸ் சரக்கு பிக்கப்புக்கு 205 ஆர்16 டயர். அதே குடும்பத்தில் வார இறுதியில் ஊர் சுற்றுவதற்கென்று விற்கப்படும் வி-கிராஸுக்கு 255/60 ஆர்18. மூட்டை தூக்கும் வண்டிக்கு ஒல்லி, சொகுசு வண்டிக்கு அகலம். கம்பெனி கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஒரு டயரில் எடையைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்திருக்கும் காற்று. ரப்பரும் கம்பி நாரும் அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்திருக்கும் பை, அவ்ளோதான். சரக்கு வண்டி டயரின் பை கெட்டியானது. 60, 65 பி.எஸ்.ஐ. என்று காற்று அடித்தாலும் தாங்கும். பல கார் டயர்களின் ஓரத்தில் அதிகபட்சம் 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. என்றுதான் அச்சிட்டிருக்கும். அதிகக் காற்றைத் தாங்கும் டயருக்கு எடை சுமக்க அகலம் அவ்வளவாகத் தேவைப்படாது. ஒல்லியாக இருந்தால் டயரின் எடையும் குறையும், ஸ்டியரிங் திருப்பும்போது மட்கார்டிலும் உரசாது, விலையும் குறைவு.

தரையைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவுதான்

'அகலமா இருந்தா அதிக இடத்துல பிடிக்கும்' என்பதுதான் அகல டயர்க்காரர்களின் முக்கிய வாதம். கேட்க நியாயமாகத் தெரிகிறது. கணக்கு போட்டால் வேறு விஷயம் வருகிறது.

உதாரணத்துக்கு, லோடு ஏற்றிய ஒரு பிக்கப்பின் பின் டயர் ஒன்றின் மேல் 950 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 65 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4.6 கிலோ. 950-ஐ அதனால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 208 சதுர சென்டிமீட்டர். டயரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் சூட்சுமம் இதில் தெரிந்துவிடும்.

தரையில் படும் பகுதியின் அகலம் 15 செ.மீ. என்றால் அந்தத் தடத்தின் நீளம் கிட்டத்தட்ட 14 செ.மீ. அகலத்தை 19 செ.மீ. ஆக்கினால் நீளம் 11 செ.மீ. ஆகிவிடும். பரப்பு? அதே 208. காற்றும் எடையும் மாறாதவரை அகல டயர் தரையில் கூடுதல் இடத்தைப் பிடிப்பதில்லை. தடத்தின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது.

காய்ந்த தார்ச்சாலையில் வேகமாக வளைவில் திரும்பும்போது அகலமான, குட்டையான தடம் நன்றாக வேலை செய்யும். பந்தயக் கார்களின் டயர் அகலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஏம்பலம் வழியாகப் போகிற வண்டிக்கு அந்தத் திறமை எத்தனை நாள் தேவைப்படும்?

எரிபொருள் சிக்கனத்துக்கு ஒல்லி டயர் என்பது ஒன்றும் பழைய காலத்து யோசனை இல்லை. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2013-ல் அறிமுகப்படுத்திய ஐ3 மின்சாரக் காருக்கு 155/70 ஆர்19 என்ற உயரமான, ஒல்லியான டயரைத்தான் கொடுத்தது. ஒரே சார்ஜில் அதிக தூரம் போக வேண்டும் என்பதற்காக அகலத்தைக் குறைத்து விட்டத்தைக் கூட்டினார்கள்.

மழையில் என்ன நடக்கும்?

புதுச்சேரிக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. இந்த ஊர்களில் டயரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இந்த மூன்று மாதங்களைத்தான்.

சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது வேகமாகப் போனால், டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள நேரம் கிடைக்காமல் அதன் மேலேயே ஏறி வழுக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான். 1960-களில் நாசாவின் வால்டர் ஹார்ன் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தார். டயரில் காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு குறைந்த வேகத்திலேயே வழுக்கல் தொடங்கும் என்பது அவர் கண்டது. அவருடைய சூத்திரப்படி 36 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்தில் மிதக்கும். 25 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 83 கி.மீ.-லேயே. பட்டன் தேய்ந்த டயரும் நன்றாகத் தண்ணீர் தேங்கிய சாலையும் சேர்ந்தால் வரும் கணக்கு இது.

அந்தச் சூத்திரத்தில் அகலம் என்ற பேச்சே இல்லை. ஆனால் 1980-களில் அதே ஹார்ன், லாரி டயர்களைப் பார்த்தபோது இன்னொன்று தெரியவந்தது. தரையில் படும் தடம் குட்டையாகவும் அகலமாகவும் ஆக ஆக வழுக்கல் சீக்கிரம் வருகிறது. லோடு இல்லாத காலி லாரிகள் மழையில் அதிகம் தடுமாறுவதற்கு அதுதான் காரணம்.

பிக்கப் ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. மேலே பார்த்த அதே வண்டி, சரக்கை இறக்கிவிட்டு காலியாகத் திரும்புகிறது. பின் டயரின் மேல் இப்போது 350 கிலோதான். காற்று மட்டும் அதே 65. தடத்தின் பரப்பு சுமார் 77 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒல்லி டயரில் தடத்தின் நீளம் 5 செ.மீ.; அகல டயரில் வெறும் 4 செ.மீ. அதாவது 19 செ.மீ. அகலத்துக்கு 4 செ.மீ. நீளம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பதில், பலகை மாதிரி அதன் மேல் ஏறி உட்கார இதைவிடத் தோதான வடிவம் இல்லை.

லோடோடு போகும்போதுதான் பலரும் பயந்து மெதுவாக ஓட்டுகிறார்கள். காலியாகத் திரும்பும்போது "சும்மாதானே போறோம்" என்று விழுப்புரம் நாற்கர சாலையில் அழுத்துகிறார்கள். மழை நாளில் ஆபத்து தலைகீழாக இருக்கிறது.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது அகலமோ ஒல்லியோ எதுவும் காப்பாற்றாது. ஓடுகிற வெள்ளம் 30 செ.மீ. இருந்தாலே சிறிய கார்களை இழுத்துவிடும், 60 செ.மீ. இருந்தால் பிக்கப் உட்படப் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும் என்பது அமெரிக்க வானிலைத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. பெரிய டயருக்குள் காற்று அதிகம் என்பதால் அது மிதப்பதற்குத்தான் உதவும்.

சேற்றில் யார் ஜெயிப்பார்?

இங்கேதான் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மேலே நாலு விரற்கடை சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி, கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்த மண் சாலை, ஏரிக்கரைப் பாதை, களத்துக்குப் போகும் வண்டிப்பாதை எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். அகல டயர் இதே இடத்தில் மேலே உள்ள வழவழப்பான சேற்றிலேயே சறுக்கிக்கொண்டிருக்கும்.

அடியில் கெட்டித் தரை இல்லாத ஆழமான சேறு என்றால் கதை மாறும். அங்கே மூழ்காமல் இருப்பதுதான் முக்கியம்; எடையைப் பரப்பிக் கொடுக்கிற டயர் ஜெயிக்கும். இந்தத் தத்துவம் பாகூர் விவசாயிகளுக்குப் புதிதில்லை. ஈரம் காயாத வயலில் நெல் அறுக்க பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று பார்த்துத்தான் அறுவடை எந்திரத்தைக் கூப்பிடுகிறார்கள். பெல்ட் வண்டிக்கு வாடகை கூட என்று தெரிந்தும் கூப்பிடுகிறார்கள். சேடை ஓட்டும் டிராக்டருக்கு கேஜ் வீல் மாட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அப்படியென்றால் வயலுக்குள் இறங்கும் பிக்கப்புக்கு அகல டயர் போடலாமா? போட்டாலும் பெரிய பலன் இருக்காது. வருஷா வருஷம் சேடை ஓட்டிய நெல் வயலில் மேல் சேற்றுக்குக் கீழே 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் இறுகிய அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். டிராக்டரின் உயரமான சக்கரம் அதில் நின்றுவிடும். பிக்கப்பின் சக்கரம் அந்த ஆழத்தைத் தொடுவதற்குள் பின் அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன் பெட்டி சேற்றில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு எந்த டயர் சுழன்றாலும் வண்டி நகராது. போதாததற்கு, நம் லோடு பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் இழுவை. ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் இன்ஜின் விசை எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே ஓடிப்போகும். கெட்டியான இடத்தில் நிற்கும் இன்னொரு சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். 30 மில்லிமீட்டர் கூடுதல் அகலத்தால் இதை மாற்ற முடியாது. பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு மூட்டையைத் தலையில் சுமந்து வருவதுதான் சரி என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழக்கத்தால் இல்லை.

மூட்டையைச் சுமக்க ஆள் இல்லையா? அப்போது காற்றைக் குறைப்பதுதான் அகலத்தைவிட வலுவான ஆயுதம். மேலே சொன்ன 950 கிலோ கணக்கில் காற்றை 65-லிருந்து 40 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் தடத்தின் பரப்பு 208-லிருந்து சுமார் 340 சதுர சென்டிமீட்டருக்குத் தாவும். டயரை மாற்றாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல், அறுபது சதவீதம் அதிகம்.

கடற்கரை மணலுக்கும் இதுதான் வைத்தியம். மீன் ஏற்ற மணலில் இறங்கும் வண்டிகள் காற்றை இறக்கிவிட்டு, ஆமை வேகத்தில் போய்த் திரும்புவது நல்ல உத்தி. ஆனால் ஒரு நிபந்தனை: தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன் மறுபடி காற்று அடித்தாக வேண்டும். லோடோடு காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடாவது போல டயரும் சூடாகும். அடுத்து வருவது வெடிப்பு.

ஒற்றை வழிச் சாலையின் ஓரம்

பலரும் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. கிராமச் சாலைகளில் பலவற்றின் தார்ப்பகுதி 3 முதல் 3.75 மீட்டர் அகலம்தான். எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். மழையில் மண் அரித்துப்போய் தார் விளிம்பு அரிவாள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு டயரின் பக்கச்சுவரைச் சுரண்டும்.

சரக்கு டயரின் உயரமான, கெட்டியான பக்கச்சுவர் இதற்குத் தயாரானது. அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்த, அலாய் வீலோடு வரும் ஸ்டைல் டயர் இதற்குத் தயாரானது இல்லை. ரிம்மைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கும் அகலம் என்றால் இன்னும் மோசம். பக்கச்சுவரில் விழும் வெட்டைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

உண்மையான பொறி: லோடு எண்

அகல டயர் வாங்குவதில் பணம் விரயமாவது ஒரு பிரச்சினை. உயிருக்கு ஆபத்தாவது வேறு பிரச்சினை. கடையில் அகலமாகக் கிடைக்கும் டயர்களில் பல, எஸ்.யூ.வி. கார்களுக்கானவை. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஓரத்தில் உள்ள லோடு எண்ணைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

215/75 ஆர்15 கார் டயரில் பொதுவாக 100 என்று இருக்கும். அதற்கு அர்த்தம் ஒரு டயர் அதிகபட்சம் 800 கிலோ தாங்கும். 235/75 ஆர்15-ல் பொதுவாக 105. அதாவது 925 கிலோ. நம் உதாரணத்தில் பின் டயர் ஒன்றின் மேல் இருந்ததோ 950 கிலோ. ஒல்லியாக இருந்தாலும் கம்பெனி கொடுத்த சரக்கு டயர் இந்த எடைக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது. அதை எடுத்துவிட்டு அகலமான கார் டயர் போடுகிறவர், வலுவான டயர் போட்டதாக நினைத்துக்கொண்டு பலவீனமான டயரைப் போடுகிறார்.

சரக்கு டயரில் 'எல்.டி.' அல்லது 'சி' என்ற எழுத்தும், 8 பிளை, 12 பிளை என்ற அளவும் இருக்கும். முன்பு டயருக்குள் எத்தனை அடுக்கு நூல் என்பதை பிளை குறித்தது. இப்போது அடுக்கை எண்ணிப் பார்க்க முடியாது, வலுவின் அளவு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

காற்றும் எடையும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் புழக்கத்தில் இருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அதில் பெரும்பங்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில் இருந்த 235/75 ஆர்15 அளவு டயர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல்பட்டை தனியாக உரிந்து வந்தது, வண்டிகள் உருண்டன. 271 மரணங்களை அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதோடு தொடர்புபடுத்திப் பதிவு செய்தது. டயரின் தயாரிப்பிலேயே குறை என்றது ஒரு பக்கம். ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. காற்று குறைவு, வெயிலில் லோடோடு ஓடும்போது சூடு ஏறுகிறது என்றது மறுபக்கம். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. அந்த டயர்கள் ஒன்றும் ஒல்லி டயர்கள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"டயர் என் காசு, என்ன வேணா போடுவேன்" என்று சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சரக்கு வண்டிக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பதிவுக்காகக் கொடுக்கும் படிவம் 20-ல் போக்குவரத்து வாகனம் என்றால் ஒவ்வொரு அச்சிலும் உள்ள டயரின் எண்ணிக்கை, அளவு, பிளை எல்லாம் கேட்கப்படும். ஆகவே எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் கையில் இருக்கிறது. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் அந்தச் சோதனைக்குப் போக வேண்டும். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியும் டயரின் அளவைக் கேட்கக்கூடும்.

அகல டயர் போட்டால் அதிக லோடு ஏற்றலாம் என்ற நினைப்பும் சிலரிடம் இருக்கிறது. ஆர்.சி.யில் எழுதிய எடை டயரைப் பார்த்துக் கூடாது. அச்சு, பட்டை, பிரேக், சேசிஸ் எல்லாவற்றையும் சேர்த்து முடிவான எடை அது. மீறினால் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000.

சக்கரத்தின் அகலத்தில் அரசாங்கம் தலையிடுவது இன்று நேற்று நடப்பதும் இல்லை. இங்கிலாந்தில் 1753-லேயே ஒரு சட்டம் வந்தது. பார வண்டிகளின் ஒல்லிச் சக்கரம் சாலையை உழுதுபோடுகிறது, ஒன்பது அங்குல அகலச் சக்கரம் போடு என்றது. அன்று அரசாங்கம் அகலம் கேட்டதற்குக் காரணம், இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்துக்குள் காற்று இல்லை; எடையைப் பரப்ப அகலம் ஒன்றுதான் வழி. மாட்டு வண்டிக்குக் காற்றடைத்த டயர் வந்தபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது.

அப்படியானால் எதை வாங்குவது?

தினமும் லோடு அடிக்கும் வண்டி என்றால் கம்பெனி கொடுத்த அளவு, அதே லோடு எண், அதே பிளை. இதில் யோசிக்க எதுவும் இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்திலோ உரிமையாளர் கையேட்டிலோ அளவும் காற்றும் போட்டிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலையே இருக்கும் ஊர் இது. சரியான சைஸ் கிடைக்கவில்லை என்று வேறு சைஸுக்குத் தாவ வேண்டிய நிலைமை வராது.

அளவை மாற்றாமலே செய்யக்கூடிய நல்ல மாற்றம் ஒன்று உண்டு: பட்டனின் வடிவம். மண் பாதையில் அதிகம் போகிறவர்கள் பின் சக்கரத்துக்கு ஆழமான, இடைவெளி விட்ட பட்டன் உள்ள டயரும், முன் சக்கரத்துக்கு நேர்க்கோடு போட்ட டயரும் போடலாம். முன்பக்கம் திசை பிடிக்கும், பின்பக்கம் சேற்றைத் தள்ளும். அகலத்துக்குச் செலவு செய்வதைவிட இது உருப்படியானது.

லோடே ஏற்றாமல், குடும்பத்தோடு ஊர் சுற்ற பிக்கப் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அதே மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அகலமான டயரை, அதற்கான ரிம்மோடு, சர்வீஸ் சென்டரில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். விட்டம் மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 215/75 ஆர்15-ன் மொத்த விட்டம் சுமார் 704 மி.மீ.; 235/75 ஆர்15-க்கு சுமார் 734. நான்கு சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மேட்டில் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும்.

எந்த டயராக இருந்தாலும் வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காற்றைப் பாருங்கள். லோடு இருக்கும்போது எவ்வளவு, காலியாக இருக்கும்போது எவ்வளவு என்று கையேட்டில் தனித்தனியாகப் போட்டிருந்தால் அதன்படி மாற்றுங்கள். பள்ளங்களின் நடுவே சின்ன மேடு மாதிரி தெரியும் தேய்மான அடையாளத்தை பட்டன் தொட்டுவிட்டால், மீதி ஆழம் 1.6 மி.மீ.தான், மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டெப்னியையும் கவனியுங்கள். நான்கு டயரையும் அகலமாக்கிவிட்டு ஸ்டெப்னியை மட்டும் பழைய சைஸில் விட்டால், அவசரத்துக்கு மாட்டும்போது ஒரே அச்சில் இரண்டு வெவ்வேறு விட்டம் சுற்றும். அடி வாங்குவது கிரவுன். டயரின் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3524 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அடியில் தொங்கிக்கொண்டே இருக்கும் ஸ்டெப்னியில் அந்த எண் என்னவென்று பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாகூர் ஏரிக்கரையில் ராத்திரி பஞ்சரானால் மாட்டப்போவது அதைத்தான்.